தீபாவளி விளம்பரத்தைக் குறும்பாக எழுதுவது எப்படி?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே செல்போனில் செய்திகள் வந்து குவிய ஆரம்பித்துவிடும். "தித்திக்கும் தீபாவளி! அதிரடி விலையில் சுவையான இனிப்பு, கார வகைகள்! முந்துங்கள்!" கடையின் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் எந்த ஊர், எந்தக் கடை என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் பலகாரம் செய்து விற்கிற ஒருவர் அதே மாதிரி ஒரு செய்தியை அந்தக் குவியலில் போட்டால் அது படிக்கப்படாமலே போய்விடும். பெரிய கடைகளிடம் விளம்பரத்துக்குப் பணம் இருக்கிறது. சின்னக் கடைக்கு வாடிக்கையாளரின் பெயரும் அவர் வீட்டுப் பழக்கமும் தெரியும். குறும்பாக ஒரு வரி எழுத அந்த நெருக்கம் போதும்.

ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு முழுக்கப் பார்ப்போம். திருச்சி உறையூரில் ஒரு குடும்பம் வீட்டிலேயே கைமுறுக்கு, தட்டை, அதிரசம் செய்து விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வரும். தெருமுனையில் ஒரு சின்ன போர்டு வைக்கலாம். விளம்பரம் அவ்வளவுதான். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதற்கு நீங்கள் எழுதித் தரப் போகிறீர்கள்.

அடுப்படியில் ஆரம்பியுங்கள்

எழுத உட்காரும் முன் முறுக்கு சுற்றுகிறவரிடம் பேச்சுக் கொடுங்கள். "உங்க பொருளோட சிறப்பு என்ன?" என்று கேட்காதீர்கள். தரம், சுவை, சுத்தம் என்று மூன்று சொல்லில் பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைக்கிறீர்கள், மாவு எங்கே அரைக்கிறீர்கள், ஒரு முறுக்குக்கு எத்தனை சுற்று, அதிரச மாவை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், போன் பண்ணுகிறவர்கள் முதலில் கேட்பது என்ன, எது எப்போதும் முதலில் தீர்ந்துபோகும் என்று கேளுங்கள். பதில்களை அவர்கள் சொன்ன சொல்லிலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சரக்கு இங்கேதான் கிடைக்கும். கைமுறுக்கை அச்சில் பிழிய முடியாது. மாவை விரல் நுனியில் முறுக்கி முறுக்கி வட்டமாகச் சுற்ற வேண்டும். ஐந்து சுற்று, ஏழு சுற்று என்று கணக்கு வைத்துத்தான் கேட்பார்கள். அதிரசத்துக்கு வெல்லப்பாகு பதம் தப்பினால், ஒன்று எண்ணெயில் உதிர்ந்துவிடும், இல்லையென்றால் கல்லாகிவிடும். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் டப்பா மூடி கொஞ்சம் தளர்ந்தாலும் முறுக்கு நமுத்துவிடும். இந்த மூன்று விஷயத்திலிருந்தே மூன்று விளம்பர வரி எழுதலாம், எப்படி என்று கீழே சொல்கிறேன்.

அடுத்து, வாங்குகிறவர் வீட்டில் அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்று வரிசையாக எழுதுங்கள். விடியும் முன்பே எழுப்பிவிடுவார்கள். நல்லெண்ணெய், சீயக்காய், வெந்நீர். புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள். வெறும் வயிற்றில் லேகியம். "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்ற விசாரிப்பு. பல வீடுகளில் இட்லியும் கறிக்குழம்பும். அக்கம்பக்கத்துக்குத் தட்டில் பலகாரம் போகும், அங்கிருந்து தட்டு வரும். கல்யாணமாகி முதல் வருடம் என்றால் தலை தீபாவளி. வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு இதற்கெல்லாம் முன்னால் பஸ், ரயில் என்று ஒரு பெரிய பாடு இருக்கிறது.

கறிக்குழம்பை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். தீபாவளி விளம்பரம் என்றாலே எல்லா வீட்டையும் ஒரே வீடாக நினைத்து எழுதும் வழக்கம் இருக்கிறது. கறிக்கடையில் விடியற்காலை வரிசையில் நிற்கிற குடும்பமும் உங்கள் வாடிக்கையாளர்தான். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க என்றே பலகாரம் வாங்கும் இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. ஊருக்கு ஊரும் மாறும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளக்கூடாது என்று ஊரே பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊருக்கு "சரவெடி சலுகை" என்று எழுதினால் எழுதியவருக்கு ஊர் தெரியாது என்பதுதான் தெரியும்.

வரியைப் பிடிப்பது

பொருளைப் பற்றிய ஒரு உண்மையையும், பண்டிகையில் மனிதர்கள் செய்கிற ஒரு காரியத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கைமுறுக்கைச் சுற்றுகிறோம். வாங்க வருகிறவர் கடை கடையாகச் சுற்றுகிறார்.

"முறுக்கை நாங்க சுத்துறோம். கடை கடையா நீங்க சுத்த வேண்டாம்."

படிக்கும்போதே கைமுறுக்கு என்று தெரிகிறது. வாங்குகிறவரின் அலைச்சல் மிச்சம் என்றும் தெரிகிறது. அச்சு முறுக்கு விற்பவர் இதே வரியை எடுத்துப் போட்டால் பாதி பொய்யாகிவிடும். நல்ல வரியைச் சோதிக்க இது ஒரு வழி: பக்கத்துக் கடைக்காரரின் பெயரைப் போட்டுப் பாருங்கள், அவருக்கும் பொருந்துகிறது என்றால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

தட்டைக்கு இன்னும் எளிது. அண்டை வீட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம்.

"வந்த தட்டை எங்க தட்டையோட திருப்பி அனுப்புங்க."

இதைப் போர்டில் போட்டால் சிலர் ஒருமுறை நின்று, மறுபடி படித்து, சிரிப்பார்கள். வாட்ஸ்அப்பில் கீழே தட்டையின் படம் இருக்க வேண்டும், இல்லையென்றால் சிலேடை பிடிபடாமல் போகலாம். சிலேடை எழுதுகிற எல்லோருக்கும் இது பொருந்தும். இரண்டாவது அர்த்தத்தைக் காட்டிக்கொடுக்க ஒரு படமோ, அடுத்த வரியோ துணைக்கு வேண்டும். அதற்காக, சிலேடையை அடைப்புக்குறிக்குள் விளக்கிவிடாதீர்கள்.

அதிரசத்துக்கு: "பாகுக்குப் பதம் நாங்க பார்த்தாச்சு. ருசி நீங்க பார்த்தா போதும்." மழைக்கு: "வெளியில அடைமழை. டப்பாவுக்குள்ள மொறுமொறு." இரண்டாவதில் சிலேடை எதுவும் இல்லை. மழைச் சத்தத்தையும் முறுக்கு உடையும் சத்தத்தையும் பக்கத்தில் வைத்ததிலேயே வேலை முடிந்துவிட்டது. சிலேடை கிடைக்கவில்லையே என்று உட்கார்ந்து சொல்லை வளைக்கிற பலருக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: கண்ணுக்கோ காதுக்கோ தெரிகிற ஒரு உண்மை போதும்.

மோனை நமக்குக் கிடைத்த பெரிய வசதி. முதல் எழுத்து ஒன்றினால் வரி தானாக நாக்கில் ஒட்டும். பண்டிகைக் காலையை மணிக்கணக்கில் அடுக்கிப் பாருங்கள்:

"அஞ்சு மணிக்கு எண்ணெய். அஞ்சரைக்குப் புதுத்துணி. அஞ்சே முக்காலுக்கு அதிரசம். ஆறு மணிக்கு வெடி."

கடைசியில் உள்ள ஆறு மணி சும்மா வந்ததல்ல. உச்ச நீதிமன்றம் 2018-இல் பட்டாசு வெடிக்க நேரக் கட்டுப்பாடு விதித்த பிறகு, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று நேரம் கொடுத்து வருகிறார்கள். அந்த நேரம் வீட்டில் குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம். வரியில் அது வரும்போது, எழுதியவரும் இதே ஊரில், இதே பண்டிகையைக் கொண்டாடுகிறவர் என்ற நம்பிக்கை வருகிறது. ஆனால் மோனை மீது மோகம் கொண்டு "தித்திக்கும் தீபாவளிக்குத் தித்திப்பான திண்பண்டம்" என்று போகாதீர்கள். அதில் ஓசை இருக்கிறது, விஷயம் இல்லை. போதாக்குறைக்கு அந்தச் சொல் 'தின்பண்டம்'. ஓசைக்காக எழுதும்போது இப்படி எழுத்துப்பிழையும் கண்ணில் படாமல் போகும்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்று கேட்பார்கள். குறும்பு வரியைப் பேச்சில் எழுதுங்கள், விவரங்களை எழுத்துத் தமிழில் கொடுங்கள். பேச்சு என்றால் உங்களுக்கு வாயில் வருகிற பேச்சு. திருச்சிக்காரர் கோவைத் தமிழில் "ஏனுங்க" என்று எழுதினால் கோவைக்காரர் உடனே கண்டுபிடிப்பார். 'நீங்க' என்ற மரியாதையை எங்கேயும் விடக்கூடாது. ஒரே செய்தி கல்லூரி மாணவிக்கும் போகும், எழுபது வயது தாத்தாவுக்கும் போகும்.

யார் மனமும் சுருங்கக்கூடாது

மருமகள் சுட்ட முறுக்கைச் சுத்தியலால் உடைக்கிற ஜோக்கை ஒவ்வொரு தீபாவளிக்கும் யாராவது எடுத்து வந்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உங்கள் முறுக்கை வாங்கப் போவதே அந்த மருமகள்தான். வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டில் சுட நேரமில்லாமல், உள்ளுக்குள் கொஞ்சம் குறையோடு வாங்குகிறவரைக் கேலி செய்து எந்தக் கடையும் பெயர் வாங்க முடியாது. உடல் எடை, சர்க்கரை நோய் இரண்டும் அதே மாதிரிதான்.

தலை தீபாவளி வரி எழுதும்போது கை தானாக மாப்பிள்ளை மோதிரத்துக்குப் போகும். "சோமாசி நாங்க பார்த்துக்கிறோம், மோதிரம் நீங்க பார்த்துக்கங்க" என்று எழுதலாம்தான், சிரிப்பும் வரும். ஆனால் கடன் வாங்கி மோதிரம் போடுகிற அப்பாக்களும் அதைப் படிப்பார்கள். "மாப்பிள்ளையை நீங்க கவனிங்க. பலகாரத்தை நாங்க கவனிக்கிறோம்" என்றால் அதே உபசரிப்பு வருகிறது, யாருக்கும் உறுத்தாது.

சாமி படத்தை டப்பாவிலும் நோட்டீஸிலும் போடுவதற்கு முன் யோசியுங்கள். பலகாரம் தீர்ந்ததும் அந்த டப்பா குப்பைக்குத்தான் போகும், பலருக்கு அது மனதுக்குக் கஷ்டம். விளக்கும் கோலமும் போதும். போட்டிக் கடையை இடிக்கிற வரியும் வேண்டாம். அடுத்த வருடம் மாவு மில்லில் அவரையே பார்க்க வேண்டியிருக்கும்.

காசு வரும் இடத்தில் விளையாட்டு நிற்க வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். என்ன பொருள், எவ்வளவு எடை அல்லது எத்தனை எண்ணிக்கை, என்ன விலை, எந்தத் தேதி வரை ஆர்டர், எந்தத் தேதியில் கையில் கிடைக்கும், எப்படிப் பணம் கட்டுவது, எந்த எண்ணில் கூப்பிடுவது. இந்த ஏழிலும் குறும்பு, உவமை, "மட்டும்தாங்க" போன்ற குழைவு எதுவும் வேண்டாம். "கைமுறுக்கு, 7 சுற்று, 10 எண்ணிக்கை" என்று எழுதி, நேர் எதிரே விலை. டெலிவரிக்குத் தனிக் காசு என்றால் அதே அளவு எழுத்தில் அங்கேயே. விலை புரியாமல் சிரிப்பவர் அடுத்த செய்திக்கு நகர்ந்துவிடுவார், புரிந்தவர்தான் ஆர்டர் போடுவார்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. குறைந்த விலையைப் போட்டு ஆளை வரவழைத்து, வந்தபின் "அது தீர்ந்துபோச்சு, இதை வாங்கிக்கங்க" என்று வேறொன்றைக் காட்டுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகள் தடுக்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. உணவுக்கு இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன. "100 சதவீதம் சுத்தமான நெய்" என்று எழுதும் பழக்கத்தை விடுங்கள், '100 சதவீதம்' என்ற சொல்லை லேபிளிலும் விளம்பரத்திலும் தவிர்க்கச் சொல்லி 2025 மே மாதம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியது. எந்த நெய், எங்கே வாங்கியது என்று சொல்லலாமே, அது இன்னும் நம்பும்படி இருக்கும். வெல்லத்தில் செய்தது என்பதற்காக "சர்க்கரை நோயாளிகளும் பயமில்லாமல் சாப்பிடலாம்" என்று எழுதவே கூடாது, வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். பதிவு செய்த கடை என்றால் 14 இலக்க உணவுப் பதிவு எண்ணைக் கீழே போடுங்கள். வீட்டில் செய்து விற்பவரிடம் முதல்முறை வாங்குகிறவருக்கு அந்த எண் தருகிற தைரியம் பெரியது.

எப்போது அனுப்புவது

இந்த வருடம் ஆயுத பூஜை அக்டோபர் 19, விஜயதசமி 20. அதுவரை வீடுகளில் கொலுவும் சுண்டலும்தான் பேச்சு. முதல் செய்தியை 21-ஆம் தேதிக்கு மேல் அனுப்புங்கள், அதில் விற்கவே வேண்டாம்: அதிரச மாவு தயாராகிறது என்று ஒரு படம், ஒரு குறும்பு வரி. முழு விலைப்பட்டியலோடு இரண்டாவது செய்தி மாதக் கடைசியில். சம்பளமும் பலருக்குப் போனஸும் கைக்கு வருகிற நேரம் அது. வெளியூர் போகிறவர்கள் நவம்பர் 6-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலமே கிளம்பிவிடுவார்கள், ஆகவே பலகாரம் 5-ஆம் தேதிக்குள் கையில் கிடைக்க வேண்டும். அப்படியென்றால் ஆர்டரை 2-ஆம் தேதி திங்கட்கிழமையே நிறுத்த வேண்டியிருக்கும்.

கடைசித் தேதிச் செய்தியில்தான் பலரும் "முந்துங்கள், கடைசி வாய்ப்பு!" என்று கத்துகிறார்கள். உண்மையான காரணத்தைச் சொன்னால் கத்தவே வேண்டாம்:

"திங்கட்கிழமை ராத்திரியோட ஆர்டர் நிறுத்தம். எங்க வீட்டுக்கும் முறுக்கு சுத்தணும்ல!"

அப்புறம், சொன்ன தேதியில் நிறுத்திவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை கேட்டவருக்கும் எடுத்துக்கொண்டால் அடுத்த வருடம் உங்கள் கடைசித் தேதியை யாரும் நம்பமாட்டார்கள்.

வாட்ஸ்அப், எஸ்எம்எஸ், போர்டு

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆகவே வருடம் முழுக்க டப்பா மேல் ஒட்டும் சீட்டில் "இந்த நம்பரை சேவ் பண்ணிக்கங்க" என்று ஒரு வரி இருக்கட்டும். குடும்பக் குழுக்களில் கேட்காமல் போய் விளம்பரம் போடாதீர்கள். செய்தியில் முதல் இரண்டு வரிக்குள் குறும்பும் பொருளின் பெயரும் வந்துவிட வேண்டும், திறக்கும் முன் கண்ணில் படுவது அவ்வளவுதான்.

எஸ்எம்எஸ் அனுப்புவதாக இருந்தால் தமிழுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 குறியீடுதான், அதில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். 'தீபாவளி' நமக்கு நான்கு எழுத்து, அங்கே ஏழு. மேலே எழுதிய முறுக்கு வரி மட்டுமே 58 ஆகிவிடும். மீதி 12-இல் விலையும் எண்ணும் அடங்காது, இரண்டு செய்திக்கான காசு போகும். மொத்தமாக அனுப்ப டிஎல்டி பதிவும் (விளம்பர எஸ்எம்எஸ் அனுப்புகிறவர் தொலைபேசி நிறுவனங்களிடம் செய்துகொள்ள வேண்டிய பதிவு) வேண்டும். சின்னக் கடைக்கு இந்தச் சிரமம் தேவையில்லை என்பது என் கருத்து.

போர்டைப் பைக்கில் போகிறவர் படிப்பார். ஒரு வரி, பொருளின் பெயர், போன் எண், இவை தவிர எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை: பல டிடிபி கடைகளில் இன்னும் பழைய எழுத்துரு முறைதான் ஓடுகிறது. நீங்கள் போனில் அனுப்பிய யூனிகோட் எழுத்தை அங்கே மாற்றும்போது ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு இடம் மாறிப் போகலாம், புள்ளி காணாமல் போகலாம். சிலேடை ஒரு புள்ளியில் உயிர் வைத்திருக்கும். அச்சடிக்கும் முன் புரூஃப் வாங்கி, எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படியுங்கள். போன் எண்ணை அங்கேயே ஒருமுறை டயல் பண்ணிப் பாருங்கள்.

அனுப்பும் முன்

எழுதியதை உங்களோடு உட்கார்ந்து யோசிக்காத ஒருவரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டு அக்கா, மளிகைக்கடை அண்ணன் யாராக இருந்தாலும் சரி. "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். அதனால், போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "என்ன விக்கிறாங்க, எவ்வளவு, எப்போ வரைக்கும் சொல்லலாம்?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் வந்தால் அனுப்பலாம். வரியைப் படித்ததும் அவர் முகத்தில் ஒரு சின்ன மலர்ச்சி வந்ததா என்பதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

வருகிற பதில்களுக்கும் அதே குரலில் பதில் சொல்லுங்கள். விளம்பரத்தில் "நாங்க சுத்துறோம்" என்று சிரித்துப் பேசிவிட்டு, ஆர்டர் கேட்டவருக்கு "ஓகே" என்று ஒற்றைச் சொல் போனால் வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். "சரிங்க அக்கா, 20 முறுக்கு, 10 அதிரசம், வியாழக்கிழமை சாயங்காலம் வந்துடும்" என்று திருப்பிச் சொல்லுங்கள். ஆர்டரும் தப்பாது.

பண்டிகை முடிந்த திங்கட்கிழமை போர்டைக் கழற்றிவிட்டு, வாட்ஸ்அப் விவரத்தில் இருக்கும் தீபாவளி விலையையும் எடுத்துவிடுங்கள். எந்த வரிக்கு அதிகம் பேர் பதில் போட்டார்கள், எந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விக்கான பதில் அடுத்த செய்தியில் மேலே ஏற வேண்டும். அடுத்து கார்த்திகை தீபம் இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும், பொரி உருண்டைக்கு எழுத வேண்டும்.